பச்சை போகும், வெயில் விடாது

எல்லையைத் தாண்டினால் பல சொற்கள் மாறிவிடுகின்றன. 'பச்சை குத்து' மாறுவதில்லை. களியக்காவிளையில் கடைப் பலகைகளின் எழுத்து தமிழிலிருந்து மலையாளத்துக்குத் தாவுகிறது, வேட்டி முண்டாகிறது. ஆனால் கையில் ஊசியால் புள்ளி வைத்துக் கோலம் போட்டுக்கொள்வதற்கு விளவங்கோட்டிலும் பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் ஒரே பெயர்தான். 1956 நவம்பர் 1-ம் தேதி கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றுவிட்டது. கொண்டு கொடுத்த உறவுள்ள கிராமங்களுக்கு நடுவே மாநில எல்லை ஓடியது. அந்தக் கோடு பாட்டிமார்களின் முன்கையில் இருந்த கோடுகளை ஒன்றும் செய்யவில்லை.

அவற்றைக் குத்தியவர்கள் பெரும்பாலும் ஊர் ஊராக வந்துபோன குறத்திகள். குறி சொல்வதும் பச்சை குத்துவதும் அவர்களுடைய பிழைப்பு என்று எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியான தென்னிந்திய சாதிகள் பற்றிய தொகுதிகளில் பதிவு செய்திருக்கிறார். மை என்பது விளக்குக் கரிதான். கரி கறுப்பாயிற்றே, பச்சை என்று ஏன் பெயர்? உள்தோலில் கிடக்கும் கரித்துகளை மேல்தோல் வழியாகப் பார்க்கும்போது ஒளி சிதறுவதால் அது நீலம் கலந்த பச்சையாகத் தெரிகிறது. பெயர் வைத்தவர்கள் கண்ணில் பட்டதைச் சொன்னார்கள். இந்தக் கரிப் பச்சைதான் இன்றைய லேசருக்கு மிகச் சுலபமாக மடங்கும். ஆனால் அதை அழிக்கச் சொல்லி எந்தப் பாட்டியும் ஆஸ்பத்திரி வாசலில் நிற்பதில்லை. நிற்பவர்கள் பேரன்கள்.

பேரன்களுக்கு அது 'டாட்டூ'. மின்சார ஊசி, நான்கைந்து வண்ணம், ஒரு மாலைப்பொழுது. காதலியின் பெயர், சிலுவை, சூலம், அபிமான நடிகரின் முகம் என்று எதுவும் வரும். அழிக்கவேண்டும் என்ற எண்ணம் பிறகுதான் வருகிறது; அதுவும் பெரும்பாலும் இரண்டு வாசல்கள் வழியாக. ஒன்று கல்யாணம். அதைப் பற்றி விளக்கத் தேவையில்லை. மாப்பிள்ளையின் தோளில் வேறொரு பெண்ணின் பெயர் இருப்பதை 'அது ஒரு டிசைன்' என்று எத்தனை நாள் சொல்ல முடியும்?

இன்னொரு வாசல் ராணுவம். எல்லையின் இரு பக்கமும் இளைஞர்கள் விடியற்காலையில் மைதானத்தில் ஓடிப் பழகுவது ஆள் எடுப்புக்காகத்தான். பாறசாலைப் பையன் திருவனந்தபுரம் ஆள் எடுப்பு அலுவலகத்தின் கீழ் வருகிறான். சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அவனுடைய மாமன் மகன் திருச்சி அலுவலகத்தின் கீழ் வருகிறான். ஆனால் பச்சை பற்றிய விதி இருவருக்கும் ஒன்றே. முன்கையின் உட்பக்கத்திலும் புறங்கையிலும் இருந்தால் ராணுவம் ஏற்றுக்கொள்கிறது. மற்ற இடங்களில் இருந்தால் பழங்குடி மரபைச் சேர்ந்தவர்களுக்கு மட்டுமே விலக்கு. மத்திய ஆயுதக் காவல் படைகள் இன்னும் கறார்: சல்யூட் அடிக்காத இடது முன்கையின் உட்புறம் அல்லது புறங்கை, அதுவும் அந்த உறுப்பின் கால் பங்குக்குக் குறைவான அளவில் என்று அறிவிப்பிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். 2022-ல் வலது கைப் பச்சைக்காக மருத்துவப் பரிசோதனையில் நிராகரிக்கப்பட்ட ஒருவர் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். அதை நீக்கிக்கொண்டு புதிய மருத்துவக் குழுவின் முன் வரலாம் என்று நீதிமன்றம் அனுமதித்தது. தீர்ப்பை ஒரு நாளில் வாங்கிவிடலாம். தோல் அந்த வேகத்தில் நகர்வதில்லை.

ஏன் நகர்வதில்லை என்பதற்கு லேசர் என்ன செய்கிறது என்று தெரிய வேண்டும். மைத்துகளைத் தோல் தானாக வெளியேற்ற முடியாததால்தான் பச்சை வாழ்நாள் முழுவதும் நிற்கிறது. துகளை விழுங்கிய பாதுகாப்பு அணு ஒன்று செத்தால், சிந்திய மையை அடுத்த அணு விழுங்கிக்கொள்கிறது என்று பிரான்ஸில் மார்சேய் நகர விஞ்ஞானிகள் 2018-ல் காட்டினார்கள். தலைமுறை தலைமுறையாகக் கைமாறும் குடும்பச் சொத்து மாதிரி. லேசர் கற்றை அந்தத் துகளை அடித்து உடைத்துப் பொடியாக்குகிறது. பொடியை நிணநீர் மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டு போகிறது. மை லேசரில் எரிந்துபோகிறது என்று நினைப்பது தவறு. உடைப்பது இயந்திரம், அள்ளுவது உடம்பு. உடம்புக்கு அவகாசம் வேண்டும் என்பதால்தான் ஒரு முறைக்கும் அடுத்த முறைக்கும் நடுவே ஆறு முதல் எட்டு வாரம் இடைவெளி விடுகிறார்கள். சின்னப் பச்சைக்கே ஐந்தாறு முறை ஆகலாம். வண்ணம் கூடினால் பத்தைத் தாண்டும். கழுத்தில் இருப்பதைவிட விரலிலும் மணிக்கட்டிலும் இருப்பது மெதுவாகப் போகும்.

சுற்றியுள்ள தோலைச் சுடாமல் மையை மட்டும் எப்படி அடிப்பது? எந்த நிறம் எந்த ஒளியைக் குடிக்கிறதோ அந்த ஒளியை, மிகக் குறுகிய நேரம் பாய்ச்சினால் போதும் என்ற விடையை ஆண்டர்சன், பாரிஷ் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் 1983-ல் வெளியிட்டார்கள். இன்றைய பச்சை நீக்கும் லேசர்கள் அத்தனையும் அந்தக் கட்டுரையின் வாரிசுகள். ஒரு துடிப்பின் நீளம் விநாடியின் நூறு கோடியில் சில பங்கு. புதிய ரகங்களில் லட்சம் கோடியில் சில நூறு பங்கு. அவ்வளவு குறுகிய நேரத்தில் மை சூடாகி வெடிக்கும். பக்கத்துத் திசு தெரிந்துகொள்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

இந்தக் கணக்கில் ஒரு மூன்றாவது ஆள் இருக்கிறார்: மெலனின். தோலுக்கு நிறம் தரும் இந்தப் பொருளும் ஒளியைக் குடிக்கும். மை இருப்பது உள்தோலில். மெலனின் இருப்பது அதற்கு மேலே. லேசர் மெலனின் வழியாகத்தான் உள்ளே போயாக வேண்டும். வெயிலில் கறுத்த தோலில் மெலனின் அதிகம். மைக்குப் போகவேண்டிய சூட்டில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்கிறது. விளைவு கொப்புளம், சுட்ட தழும்பு, சில சமயம் நிறமே போய் வெளுத்த திட்டு. தென்னிந்தியத் தோலுக்கு மருத்துவர்கள் 1064 நானோமீட்டர் அலையை விரும்புவது இதனால்தான். மெலனின் அதைக் குறைவாகக் குடிக்கும், கறுப்பு மை நன்றாகக் குடிக்கும். சிவப்பு மைக்கு 532 நானோமீட்டர் வேண்டும். மெலனினுக்கும் அது பிடித்தமான உணவு. ஆக, பாட்டியின் கரிக்கு ஆபத்து குறைவு, பேரனின் சிவப்பு ரோஜாவுக்கு அதிகம். கறுத்த கையோடு வருபவரைப் பல மருத்துவர்கள் திருப்பி அனுப்பி, நான்கு வாரம் கையை மூடி வைத்துவிட்டு வரச் சொல்வது பிகு அல்ல.

இது சிகிச்சைக்கு முன்பு. பின்பு நடப்பது வேறு. லேசர் பட்ட இடம் உடனே வெண்மையாகப் பொங்கி, சற்று நேரத்தில் அடங்கி, சிவந்து, சிலருக்குக் கொப்புளம் கண்டு, ஒன்றிரண்டு வாரத்தில் பொருக்கு உதிரும். அந்த நாட்களில் தோல் புண்பட்ட தோல். மாநிறத் தோலுக்கு ஒரு குணம் உண்டு: எங்கே புண்பட்டாலும் அங்கே கறுப்பு நிறத்தைக் கூடுதலாகச் சுரந்துவிடும். கொசுக்கடியும் பருவும் கூடத் திட்டு விடுவது அப்படித்தான். புண்ணோடு வெயிலும் சேர்ந்தால் பச்சை இருந்த இடத்தில் அதே வடிவில் ஒரு பழுப்புத் திட்டு வந்து உட்கார்ந்துகொள்கிறது. காதலியின் பெயர் போய், காதலியின் பெயரின் நிழல். அது மறைய மாதக்கணக்கில் ஆகும். சிலருக்கு ஒரு வருடம் கூட. அதுவரை அடுத்த லேசரையும் தள்ளிப்போட வேண்டும்.

எனவே வெயிலில் போகாதீர்கள் என்று எல்லா இடத்திலும் சொல்லித்தான் அனுப்புகிறார்கள். சொல்லும் மொழியில்தான் சிக்கல்.

கையில் தரும் குறிப்புச் சீட்டு பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். வாயால் சொல்லும்போது நர்ஸ் மலையாளத்தில் 'வெயில் கொள்ளருது' என்பார். எல்லையோரத் தமிழ் வீடுகளில் பாட்டியும் காலம் காலமாக அதையேதான் சொல்லி வந்திருக்கிறாள்: "வெயிலு கொள்ளாதே மக்களே." பாட்டி சொன்ன வெயில் சூடு. தலையில் இறங்கும், தலைவலி தரும், காய்ச்சல் கொண்டுவரும் உச்சிப் பொழுதின் சூடு. அதனால் சீட்டு வாங்கி வந்த பையனும் அப்படியே புரிந்துகொள்கிறான். நண்பகலில் வெளியே போவதில்லை. காலை ஒன்பதரைக்கும் மேகம் மூடிய மதியத்திலும் காற்று வீசும் கடற்கரையிலும் போகிறான். அங்கே சுடவில்லையே.

தோலைக் கறுக்க வைப்பது சூடு அல்ல. சூட்டைத் தருவது அகச்சிவப்புக் கதிர். திட்டைக் கொண்டுவருவது முக்கியமாகப் புற ஊதாக் கதிர். அது சுடாது, தெரியாது. மெல்லிய மேகத்தைத் தாண்டி 90 சதவீதத்துக்கு மேல் வந்துவிடக்கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உலர்ந்த கடற்கரை மணல் சுமார் 15 சதவீதத்தையும் அலை நுரை சுமார் 25 சதவீதத்தையும் திருப்பி அடிக்கும். பொழியூரிலும் பூவாறிலும் தொப்பி போட்டுக்கொண்டு வலை இழுப்பவரின் கைக்குக் கீழேயிருந்தும் வரும் என்று அர்த்தம். இதோடு முடியவில்லை. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் மாநிறத் தோலைக் கறுக்க வைக்கிறது, அந்தக் கறுப்பு நீடித்து நிற்கிறது என்று 2010-ல் அமெரிக்காவில் டெட்ராய்ட் நகர மருத்துவர்கள் காட்டினார்கள். வெள்ளைத் தோலில் அதே வெளிச்சம் அப்படிச் செய்யவில்லை. வெள்ளைக்காரர்களை வைத்து எழுதிய சீட்டு நம் கைக்கு முழுதாகப் பொருந்தாததற்கு இது ஒரு காரணம். தோல் வகைகளை எண்ணிட்ட ஃபிட்ஸ்பாட்ரிக்கின் 1975-ம் வருட அட்டவணையே முதலில் வெள்ளைத் தோல்களுக்காகத்தான் போடப்பட்டது. பழுப்பும் கறுப்பும் பின்னால் சேர்க்கப்பட்டவை.

மொழிபெயர்ப்பு என்றால் சொல்லுக்குச் சொல் என்று நினைப்பவர்கள் இங்கே கொஞ்சம் நிற்கலாம். 'வெயில்' என்ற சொல்லைப் போட்டதில் தப்பில்லை. அகராதி அதைத்தான் சொல்லும். ஆனால் சீட்டு சொல்ல வந்தது வெளிச்சத்தை. கேட்டவர் காதில் விழுந்தது சூடு. 'பகல் வெளிச்சம் அந்த இடத்தில் படக்கூடாது' என்று எழுதியிருந்தால் பாதித் திட்டுகள் குறைந்திருக்கும் என்று தோன்றுகிறது.

பாறசாலை பூமத்திய ரேகைக்கு வடக்கே எட்டு டிகிரி சொச்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் இரண்டாவது வாரத்திலும் ஆகஸ்ட் கடைசியிலும் என வருடத்துக்கு இரண்டு முறை சூரியன் நேர் உச்சந்தலைக்கு வருகிறது. புற ஊதாக் குறியீடு என்று ஓர் அளவு உண்டு: 11-ஐத் தொட்டால் மிகக் கடுமை. கேரள மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2025 கோடையில் மாநிலத்தின் பல இடங்களில் அளந்து இதை அறிவித்தது. காலை 10 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை நேரடி வெயிலைத் தவிர்க்கச் சொன்னது. அதே கோடையில் தொழிலாளர் துறையும் ஓர் உத்தரவு போட்டது: வெட்டவெளியில் வேலை செய்பவர்களுக்குப் பகல் 12 முதல் 3 வரை ஓய்வு. இரண்டும் நல்ல காரியங்கள்தான். ஆனால் ஒன்று கதிரைப் பார்த்துச் சொன்னது, மற்றது சூட்டைப் பார்த்துச் சொன்னது. நடுவில் 10 முதல் 12 வரையிலான இரண்டு மணி நேரம் கொத்தனாருக்கு வேலை நேரம். லேசர் செய்துகொண்ட கைக்கு அது அபாய நேரம்.

கொத்தனார், பெயின்டர், மீனவர், பைக்கில் சாப்பாடு கொண்டுபோகும் பையன், குவாரியில் லாரி ஏற்றுபவர். இந்த வட்டாரத்தில் பச்சையை அழிக்க நினைப்பவர்களில் குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருப்பவர்கள் குறைவு. அவர்களிடம் ஒரு மாதம் வெளியே போகாதே என்பது, ஒரு மாதம் சாப்பிடாதே என்பதற்குப் பக்கத்து வீடு. வெளியே போகாமல் இருக்க முடியாதவர் என்ன செய்யலாம் என்று சொல்வதே உபயோகமான பேச்சு.

முதலில் துணி. களிம்பைவிடத் துணி நம்பகமானது. வியர்வையில் கரையாது, இரண்டு மணிக்கு ஒரு முறை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டாம், காசும் குறைவு. ஆனால் எல்லாத் துணியும் துணி அல்ல. மெல்லிய வெள்ளைப் பருத்திச் சட்டை நினைப்பதைவிட அதிகக் கதிரை உள்ளே விடும். நனைந்தால் இன்னும் அதிகம். பாலராமபுரத்தின் நெசவு எத்தனை அழகாக இருந்தாலும் இந்த வேலைக்கு ஆகாது. நெருக்கமாக நெய்த, அடர்ந்த நிறத் துணி வேண்டும். ஜீன்ஸ் துணி ஏறத்தாழ முழுவதையும் நிறுத்திவிடும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் போதும்: துணி வழியாக விரல் தெரிந்தால் கதிரும் வரும். பைக் ஓட்டுபவர்கள் கையில் மாட்டிக்கொள்ளும் உறை பெரும்பாலும் இந்தப் பரீட்சையில் தேறிவிடும். பேருந்துப் பயணத்திலும் கவனம் வேண்டும். கேரளப் பேருந்துகள் பலவற்றில் ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது, ஷட்டர்தான். மழை வந்தால்தான் அதை இறக்குவார்கள். நெய்யாற்றின்கரையிலிருந்து திருவனந்தபுரம் வரை ஜன்னலோரம் கையை நீட்டி வைத்துக்கொண்டு போவது ஒரு சுகம். தினமும் போகும் கை எந்தக் கை என்று தோல் சொல்லிவிடும். காரில் கண்ணாடி இருக்கிறதே என்றால், அது புற ஊதாவின் பி வகையை நிறுத்தும். ஏ வகையில் கணிசமான பங்கை விட்டுவிடும்.

பிறகுதான் களிம்பு. பொருக்கு உதிரும்வரை பச்சைப் புண் மேல் ஸன்ஸ்கிரீன் போடக்கூடாது. மருத்துவர் தரும் களிம்பும் கட்டும் துணியும்தான். ஆறிய பின் எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத, ஏ, பி இரு வகையையும் தடுப்பதாக எழுதியிருக்கும் ஒன்று. நீல வெளிச்சத்தையும் தடுக்க, இரும்பு ஆக்ஸைடு கலந்து தோல் நிறத்தில் வரும் ரகம் மாநிறத் தோலுக்கு மேல். இதெல்லாம் பணக்காரர்கள் சமாசாரம் என்று பலரும் ஒதுங்குவதால் ஒரு சின்னக் கணக்கு. ஸன்ஸ்கிரீனைச் சோதிக்கும்போது சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசிச் சோதிக்கிறார்கள். விளிம்பையும் சேர்த்து 10 சென்டிமீட்டர் நீளம், 8 சென்டிமீட்டர் அகலம் உள்ள பச்சைக்கு ஒரு தடவைக்கு 160 மில்லிகிராம். பகலில் நான்கு தடவை என்றால் 640. ஐம்பது கிராம் டியூப் இரண்டரை மாதம் வரும். அதாவது ஒரு லேசருக்கும் அடுத்த லேசருக்கும் நடுவே ஒரு டியூப். லேசர் செலவோடு ஒப்பிட்டால் சில்லறை. முகத்துக்குக் கொஞ்சம், கழுத்துக்குக் கொஞ்சம், தங்கைக்குக் கொஞ்சம் என்று போனால் கணக்கு தப்பும் என்பது வேறு விஷயம்.

செய்யக்கூடாதவை சில. திட்டு வந்துவிட்டால் எலுமிச்சம்பழத்தைத் தேய்க்கும் பழக்கம் இரு மாநிலத்திலும் இருக்கிறது. எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் சுட்டது போலக் கொப்பளித்து, இருந்ததைவிடக் கறுத்துப்போகும். மருத்துவப் புத்தகத்தில் அதற்குத் தனி நோய்ப் பெயரே உண்டு. தேங்காய் எண்ணெய் தோலை மிருதுவாக்கும், கதிரைத் தடுக்காது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் 'வெளுக்கும் கிரீம்' இன்னும் மோசம். அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். முதல் வாரம் அதிசயம், மூன்றாவது மாதம் மெலிந்து சிவந்த தோல். 2018-ல் மத்திய அரசு பல ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. பட்டியலைக் கடைக்காரர் எத்தனை பேர் மதிக்கிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். லேசருக்குப் பதிலாகவே வீட்டு வைத்தியம் பார்ப்பவர்களும் உண்டு: உப்பு வைத்துத் தேய்ப்பது, சுண்ணாம்பு, ஆசிட், முந்திரித் தோட்டின் எண்ணெய். உப்பு வைத்தியம் ஆறாம் நூற்றாண்டிலேயே அமிடா ஊரைச் சேர்ந்த ஏட்டியஸ் என்ற கிரேக்க மருத்துவர் எழுதி வைத்தது. பழையது என்பதால் நல்லதாகிவிடாது. முந்திரித் தோட்டு எண்ணெய் தோலை என்ன செய்யும் என்று அண்டி ஆபீசில் வேலை பார்த்த எந்த அம்மாவைக் கேட்டாலும் கையைக் காட்டுவார்.

நாள் குறிப்பதிலும் கொஞ்சம் யோசனை வேண்டும். இந்த மண்ணுக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் கிடைக்கிறது. ஜூன் முதல் தேதி வாக்கில் கேரளத்தில் இறங்கும் மழை முதல் டிசம்பர் வரை நீண்ட மேகக் காலம். மெல்லிய மேகம் கதிரை விடும் என்பது உண்மை. ஆனால் கனத்த மழை மேகம் பெரும்பகுதியை நிறுத்தும், கொட்டும் மழையில் மனிதன் தானாகவே கூரைக்கடியில் ஒதுங்குவான். வெளியே வேலை செய்பவருக்கு ஜூன், ஆகஸ்ட், அக்டோபர், டிசம்பர் என்று நான்கு முறை செய்துகொண்டு, பிப்ரவரி முதல் மே வரை விட்டுவிட்டு, மறு ஜூனில் தொடர்வது புத்திசாலித்தனமான ஏற்பாடாகத் தோன்றுகிறது. இடைவெளி நீண்டால் கெடுதி இல்லை. உடைந்த மையை உடம்பு அப்போதும் அள்ளிக்கொண்டுதான் இருக்கும். ஆகஸ்ட் கடைசியில் மட்டும், சூரியன் உச்சிக்கு வரும் நாட்கள் என்பதால், சட்டைக் கையை மடிக்காமல் இருப்பது நல்லது. எந்தத் தேதிக்கு வரவேண்டும் என்று கிளினிக் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டும் முன், 'எனக்கு வேலை வெளியில்' என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவர் கேட்காமல் இருக்கலாம். வெள்ளைச் சட்டையில் வந்து உட்கார்ந்திருப்பவர் கொத்தனார் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இதில் ஒரு தொழிலுக்கு மட்டும் அதிர்ஷ்டம் இருக்கிறது. வெள்ளறடைப் பக்கத்து ரப்பர் வெட்டுக்காரர் இருட்டோடு எழுந்து, மர நிழலில் வெட்டி, பால் எடுத்து, வெயில் ஏறும் முன் பெரும்பாலான வேலையை முடித்துவிடுகிறார். தோல் நிபுணர்கள் ஒரு தொழிலை வடிவமைத்தால் இப்படித்தான் இருக்கும். கொசு ஒன்றுதான் குறை.

மைதானத்தில் ஓடும் பையன்களுக்கும் ஓட்டத்தால் ஆபத்தில்லை. காலை ஆறு மணிச் சூரியனில் புற ஊதா மிகக் குறைவு. நாள் முழுக்க வரும் கதிரில் சுமார் 60 சதவீதம் காலை 10 முதல் பிற்பகல் 2 வரைக்குள் வந்துவிடுகிறது. ஆபத்து ஓட்டத்துக்குப் பிறகு வரும் பகல் வேலையிலும், ஞாயிற்றுக்கிழமைக் கிரிக்கெட்டிலும் இருக்கிறது. அவர்களுடைய உண்மையான எதிரி காலண்டர். அக்னிபத் திட்டம் 2022-ல் அறிவிக்கப்பட்டபோது பொதுவான வயது வரம்பு பதினேழரையிலிருந்து 21 வரை; முதல் வருடம் மட்டும் தளர்த்தினார்கள். பத்தொன்பது வயதில் தோளில் குத்திய சிங்கத்தை அழிக்கத் தொடங்குபவர், எல்லாம் சரியாக நடந்தாலே ஒரு வருடம் செலவழிப்பார். நடுவில் ஒரு மார்ச் மாதம் கையில்லாத பனியனோடு ஒரு வாரம் வேலைக்குப் போய்த் திட்டு வாங்கிக்கொண்டால், அது தெளியும்வரை மருத்துவர் லேசரைத் தொடமாட்டார். சிங்கம் பாதி போயிருக்கும், பாதி இருக்கும். மருத்துவக் குழுவின் விதியில் பாதிச் சிங்கத்துக்கு இடம் இல்லை.